காரணம்: மாமா

பூட்டுக்காரருக்கு எழுபத்தொரு வயது. நாற்பத்தாறு வருஷம் கடைத்தெருவில் பூட்டும் சாவியுமாக உட்கார்ந்திருந்தவர். அத்தனை வருஷத்தில் அவர் தெரிந்துகொண்டது ஒன்றுதான். மனிதர்கள் எதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சைக்கிள், செருப்பு, தண்ணீர்த் தொட்டியின் மூடி, எதுவும் விலக்கில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு பூட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே எந்த லீவர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனிதர்களை அப்படி ஆட்டிப் பார்க்க முடியாது. அதனால் ஒருத்தரையும் நம்புவதில்லை என்று மொத்தமாக முடிவு செய்துகொண்டார். அதில் வேலை மிச்சம்.

கண் மங்க ஆரம்பித்ததும் கடையை மூடினார். சும்மா உட்கார முடியாமல் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தார். பதினோரு கோழி. அதற்கு ஒரு கூண்டு. கூண்டு என்றால் குனிந்துகொண்டு ஓர் ஆள் உள்ளே போய்வரலாம், அவ்வளவு பெரியது. தகரக் கூரை. சுற்றிலும் சந்தில்லாத பலகைச் சுவர், கதவில் மட்டும் ஒரு சாண் அளவுக்கு இரட்டைக் கம்பிவலை, விரல் நுழையாது. எல்லா ஆணியையும் வெளியிலிருந்து முறுக்கி, தலையைச் சுத்தியால் அடித்து நசுக்கியிருந்தார். யாரும் கழற்றக் கூடாதாம். கதவில் அவரே நாலு மாசம் அரம் பிடித்துச் செய்த பூட்டு. கதவைச் சாத்தினால் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். சாவித் துவாரம் வெளிப்பக்கம் மட்டும்தான்.

"உங்க மாமா கோழிக்கு ஜெயில் கட்டியிருக்கார்" என்றாள் அவர் மனைவி, மருமகளிடம்.

மருமகள் பூட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "உள்ள இருந்து எப்படி மாமா திறக்கிறது?"

"உள்ள இருந்து எதுக்குத் திறக்கணும்? கோழி கடைக்குப் போகப் போகுதா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு பூட்டுக்கே ஜனங்கள் இரண்டு வருஷம் உத்தரவாதம் கேட்கிறார்கள். மகன் தொலைதூர பஸ் ஓட்டுகிறவன், வாரத்தில் மூன்று நாள் வீட்டில் தங்கினால் அதிகம். அதனால் புதுசாக வந்த பெண்ணும் பழைய மாமனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

மழைக்காலத்தில் கோழிகள் தும்ம ஆரம்பித்தன. ஒன்று செத்தும் போயிற்று. அவர் உடனே பக்கத்து வீட்டுத் தச்சன்மேல் சந்தேகப்பட்டார். கூண்டுக்குள் பரப்புகிற மரச்சீவல் அவன் பட்டறையிலிருந்து வருவது. வேண்டுமென்றே ஈரச் சீவலைத் தள்ளிவிடுகிறான் என்றார். அந்தத் தச்சன்மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏணி காணாமல் போனது. அவன்தான் எடுத்தான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக எடுக்க வேறு யாரால் முடியும்?

செத்த கோழியின் இடத்துக்கு இன்னொன்று வாங்கி விட்டார். அதுவும் நாலாம் நாள் தும்மியது.

மருமகள் கூண்டுக்குள் தலையை விட்டாள், வெளியே இழுத்துக்கொண்டாள்.

"கண்ணு எரியுதே மாமா. உங்களுக்கு எரியலையா?"

"கோழிக்கூண்டு பின்ன சந்தனமா மணக்கும்?"

"நாத்தம் வேற, எரிச்சல் வேற. உள்ள ஈரம் தங்குது. காத்து வெளிய போக வழியே இல்ல."

"வழி வச்சா காத்து வெளிய போகும். கை உள்ள வரும்."

அதோடு பேச்சு நின்றது. ஆனால் அடுத்த வாரம் அவள் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. கண்ணாடியில் பெரிசாக மூன்று எண்கள். மேலே மணி, நடுவில் சூடு, கீழே ஈரப்பதம்.

அவளுக்கு மருந்துக் கிடங்கில் வேலை. அங்கே ஒவ்வோர் அறையிலும் இப்படி ஒரு பெட்டி தொங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சூடோ ஈரமோ எல்லையைத் தாண்டினால் பக்கத்திலேயே காரணமும் எழுத வேண்டும். கதவு திறந்து கிடந்தது, மின்சாரம் போனது, ஏதோ ஒன்று. காரணம் எழுதாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அது அங்கே சட்டம்.

"எழுபத்தஞ்சுக்கு மேல ஈரம் ஏறினா என் போன்ல சத்தம் வரும் மாமா."

"நீ எங்க இருப்ப?"

"வேலையில."

"இங்க கோழி தும்முறது அங்க உனக்குக் கேக்கும். இத நான் நம்பணும்."

"நம்ப வேணாம். அப்பப்போ ஒரு பார்வை பாருங்க, போதும்."

"சூட்டுக்குச் சத்தம் கிடையாதா?"

"வெயில் காலத்துல அது தினமும் கத்தும் மாமா. தினமும் கத்துறத யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஈரத்தைத்தான் கண்ணால பாக்க முடியாது. சூடும் ஈரமும் சேந்துச்சுன்னா கோழி தாங்காது."

பேச்சில் குறை ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், திரும்பி வந்து பார்த்தால், கூண்டில் கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் நாலு விரல் உயரத்துக்கு நீளமாக ஓர் இடைவெளி. மருமகள் சொல்லித் தச்சன் அறுத்துவிட்டிருந்தான். அவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் அந்த இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை நெருக்கமாக இறக்கினார். இப்போது அதில் கை நுழையாது. காற்று போகட்டும், கை வேண்டாம். அப்படியும் மனசு ஆறாமல் ஒரு சாக்கை மடித்து அடைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மருமகள் வேலையிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, அந்தச் சாக்கை எடுத்துடுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. "எந்தச் சாக்கு?"

"எண்பத்தி நாலு காட்டுது. நேத்து வரைக்கும் அறுபத்தி ரெண்டு. ஒரே ராத்திரியில சாக்கு இல்லாம இப்படி ஏறாது."

சாக்கை எடுத்தார். ஒரு வாரத்தில் தும்மல் நின்றது. சீவல் காய்ந்து மொறுமொறுவென்று ஆயிற்று. நியாயமாகப் பார்த்தால் அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு பெட்டி தன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பற்றி இன்னொருத்தரிடம் சொல்கிறது என்பது அவருக்குச் செரிக்கவில்லை. அதற்குக் கோள்மூட்டி என்று பெயர் வைத்தார். அது உண்மையில் வேலை செய்கிறதா, இல்லை தச்சன் எட்டிப் பார்த்து அவளுக்குச் சேதி சொல்கிறானா என்று சோதிக்க முடிவு செய்தார்.

முதல் சோதனை, கொதிக்கிற கெட்டிலின் மூக்குக்கு நேரே. எண் தொண்ணூற்றைத் தாண்டியது. அரை மணி நேரத்தில் மருமகள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவர் ஒரு கையில் கெட்டிலும் ஒரு கையில் கோள்மூட்டியுமாக நின்றார்.

"சோதிச்சேன்" என்றார்.

அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். கெட்டிலைப் பார்த்தாள். "வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிருச்சு இல்ல? அப்ப சரி. தண்ணி கொதிச்சுத்தானே கிடக்கு, ஒரு டீ போட்டுக் குடுங்க." குடித்துவிட்டு மறுபடி வேலைக்கே போய்விட்டாள். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது தடவை அக்குளில். மூன்றாவது ஈரத் துண்டில். இரண்டு தடவையும் போன் வந்தது.

"இப்ப எங்க வச்சிருக்கீங்க மாமா?"

"எங்கயும் இல்ல" என்றார், துண்டைப் பிழிந்துகொண்டே.

நாலாவதிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. அதற்கப்புறமும் ஐந்து தடவை ஊதிப் பார்த்தார், ஒன்றுமில்லை. சரி, சத்தத்தை அமுக்கிவிட்டாள். அவராக இருந்தால் இரண்டாவது தடவையே அமுக்கியிருப்பார். சாப்பிடும்போது மனைவி ஒரு நாள் கேட்டாள், அந்தப் பெட்டி இப்பல்லாம் கத்துறதே இல்லையா என்று. மருமகள் சாதாரணமாகச் சொன்னாள். "மாமா சோதிச்சா பத்து நிமிஷத்துல தானா இறங்கிடும் அத்தை. நிஜமாவே ஏதாவதுன்னா இறங்காது."

அமுக்கியதை மறைக்க ஒரு கதை சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். சாமர்த்தியக்காரி.

வெயில் காலம் வந்தது. மனைவி பத்து நாளுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அடுத்த தெருவில் யாரோ கோழியைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மதியம் தான் தூங்குகிற இரண்டு மணி நேரம் கோழிகளையும் உள்ளே விட்டுப் பூட்டிவிடுவது அவர் வழக்கம். கோழிகளில் ஒன்றுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். எல்லாவற்றையும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் விசாரிக்கும். அது இப்போது தீவன டப்பாவின் மூடியைத் தள்ளித் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அதனால் அன்று காலை அவர் ஒரு செங்கல்லை எடுத்து மூடிமேல் வைத்தார். கூண்டுக் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிற அதே செங்கல்.

மதியம் ஒரு மணிக்குக் கோழிகளை உள்ளே விரட்டினார். முட்டையை எண்ணப் பின்னாலேயே குனிந்து போனார். ஐந்து. மூலையில் ஒன்று, ஆறு. கையை நீட்டும்போது முதுகுக்குப் பின்னால் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது.

டிக்.

அவர் செய்த பூட்டு. சுத்தமான சத்தம். ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது. துவாரம் அந்தப் பக்கம் இருந்தது.

கதவைத் தோளால் இடித்தார். அசையவில்லை. அவர் கட்டியது அசையுமா? வலையைப் பிடித்து இழுத்தார், விரல் நுனிதான் வலித்தது. ஆணித் தலையெல்லாம் வெளியே, நசுங்கி. நாற்பத்தாறு வருஷம் திருடனுக்கு எதிராகக் கட்டிப் பழகிய கை, வஞ்சகமில்லாமல் வேலை செய்திருந்தது. கத்தினார். பக்கத்துப் பட்டறையில் மரம் இழைக்கிற இயந்திரம் அவரைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தது. மறுபக்கத்து வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். போன் சமையலறையில் சார்ஜில். மகன் நாளைக்குத்தான் வருவான். மருமகள் ஆறரைக்கு.

கோள்மூட்டியைப் பார்த்தார். மணி ஒன்று பத்து. சூடு முப்பத்தேழு. ஈரம் ஐம்பத்தாறு.

ஒன்றரை ஆவதற்குள் சூடு முப்பத்தொன்பதுக்கு வந்துவிட்டது. தகரம் காய்ந்து தலைக்கு மேல் டொக் டொக் என்று சத்தம் போட்டது. கோழிகள் வாயைத் திறந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு இரைத்தன. இன்ஸ்பெக்டர் கதவோரம் போய் நின்று அவரையே பார்த்தது. இதற்கு நீதானே பொறுப்பு என்கிற மாதிரிப் பார்வை.

"என்ன பாக்குற? எனக்கு மட்டும் ஜாலியாவா இருக்கு?" என்றார்.

சட்டையைக் கழற்றினார். தலை லேசாகச் சுற்றியது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற உடம்பு, இன்னும் ஐந்து மணி நேரம் இது தாங்காது என்று அவருக்கே தெரிந்தது. கோழிக்கும் தாங்காது. கூரைக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக மட்டும் கொஞ்சம் காற்று வந்தது. அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார். அந்த இடைவெளியை அறுத்ததற்காக மூன்று நாள் பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை, கோழிகள்தான். இருந்தாலும் வெட்கமாக இருந்தது.

எதிரே கோள்மூட்டி தொங்கியது. ஈரம் எழுபத்தைந்தைத் தாண்டினால் அவளுக்குச் சத்தம் போகும். அவள் அமுக்காமல் இருந்தால்.

கோழிகளின் தண்ணீர்க் கிண்ணத்தில் பாதி இருந்தது. அதைச் சீவல்மேல் கவிழ்த்தால் ஈரம் ஏறி அப்படியே நிற்கும். கையை நீட்டினார், நிறுத்தினார். சூடும் ஈரமும் சேர்ந்தால் கோழி தாங்காது. அவள் சொன்னது. தவிர, அவை குடிக்க வேறு தண்ணீர் இல்லை. கிண்ணத்தை நிழலுக்குத் தள்ளிவைத்தார். ஒரு விரலை நனைத்துத் தன் உதட்டில் மட்டும் தடவிக்கொண்டார்.

கோள்மூட்டியை ஆணியிலிருந்து கழற்றினார். இரண்டு கையாலும் பொத்தி, வாயருகே வைத்து ஊதினார்.

அறுபத்திரண்டு. எழுபது. எழுபத்தொன்பது. எண்பத்தாறு.

காத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. எண் இறங்க ஆரம்பித்தது. இறங்கத்தானே செய்யும்? ஒன்பது தடவை இதே மாதிரி ஏற்றி இறக்கினவர் அவர்தானே? பத்து நிமிஷத்துல தானா இறங்கிடும் அத்தை. நிஜமாவே ஏதாவதுன்னா இறங்காது.

அது கதை இல்லை என்றால்?

அப்படியானால் இறங்க விடக் கூடாது. சட்டையை எடுத்துப் பெட்டியையும் தன் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு ஊதினார். நெஞ்சில் காற்று இல்லை. உள்ளே இருக்கிற மிச்சத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கி ஊதினார். எண்பத்தெட்டு. மூச்சு வாங்க முகத்தை வெளியே எடுத்தார், இடைவெளிக் காற்றை இழுத்துக்கொண்டார், மறுபடி உள்ளே. எண்பத்து நாலு, தொண்ணூறு. மணி ஒன்று முப்பத்தேழு. ஒன்று நாற்பத்தொன்று.

"இரு, இறங்காத" என்று பெட்டியிடம் சொன்னார். "உனக்குப் புண்ணியமாப் போகும், இறங்காத." கோள்மூட்டி என்று கூப்பிட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். அது யாருக்கும் தெரியாது.

ஒன்று நாற்பத்தாறு. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஒன்று நாற்பத்தொன்பதுக்குச் சமையலறையில் போன் அடித்தது.

அந்தப் போன் ஓசையை அவர் எப்போதும் வைவார், தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று. இப்போது ஜன்னல் வழியாக அது வந்தபோது வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவள்தான். பார்த்திருக்கிறாள்.

"இங்க இருக்கேன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். "இங்கதாம்மா இருக்கேன்!"

போன் நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்து நின்றதும், பட்டறையில் இயந்திரம் ஓய்ந்தது. மதில்மேல் தச்சன் தலை தெரிந்தது, புருவமெல்லாம் மரத்தூள்.

"அண்ணே! அண்ணே! உங்க மருமக போன்ல ஒரே பதட்டம். கூண்டுகிட்ட போய்ப் பாருங்கங்குது. எங்க இருக்கீங்க?"

"இங்கதான்யா!"

தச்சன் மதிலைத் தாண்டிக் குதித்து வலையில் முகத்தை வைத்துப் பார்த்தான். "உள்ள என்ன அண்ணே பண்றீங்க?"

"முட்டை போடுறேன். கேள்வி கேக்குற நேரமாய்யா இது?"

"கீலை ஒடச்சுத் தள்ளிரவா?"

"ஒடச்சே, உன் கைய ஒடைப்பேன். நாலு மாசம் அரம் பிடிச்சிருக்கேன் அதுக்கு."

"அப்ப சாவி?"

பூட்டுக்காரர் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு தச்சனைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து வீடு. ஓர் ஏணி. அவர் சாவியை இதுவரை மனைவியிடம்கூடக் கொடுத்ததில்லை. பின்னால் இன்ஸ்பெக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

எழுந்து, கூரைக்குக் கீழே இருந்த இடைவெளியில், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சாவியை நீட்டினார். கை நுழையாது. சாவி நுழைந்தது.

தச்சன் வாங்கினான். "நான் அறுத்த வழி அண்ணே இது."

"தெரியும். முதல்ல இடப்பக்கம் அரைச் சுத்து. அப்புறம் லேசா மேல தூக்கி வலப்பக்கம்." இத்தனை நாளும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த சூட்சுமம், அவ்வளவுதான்.

கதவு திறந்தது. அவர் முதலில் இன்ஸ்பெக்டரைத்தான் தூக்கி வெளியே கொடுத்தார். அப்புறம் தானும் தவழ்ந்து வந்தார். தச்சன் அவரை மர நிழலில் உட்கார்த்தித் தலையில் தண்ணீர் ஊற்றினான். குடிக்கக் கொடுத்தான். கோழிகளின் காலையும் கொண்டையையும் நனைத்துவிட்டான். பதினொன்றும் பிழைத்தன. இன்ஸ்பெக்டர் கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. பிறகு எழுந்து நேராகத் தீவன டப்பாவுக்குப் போய், செங்கல்லைச் சுற்றிவந்து பார்த்தது.

மருமகள் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கழுத்தில் வேலை அட்டை முதுகுப்பக்கம் போய்க் கிடந்தது. கூண்டைப் பார்க்கவில்லை, கோழியைப் பார்க்கவில்லை. அவர் முன்னால் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தலை சுத்துதா மாமா? நெஞ்சு வலிக்குதா? டாக்டர்கிட்ட போலாமா?"

"ஒண்ணும் இல்ல. ஊதி ஊதி வாய்தான் வலிக்குது."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "நீ சத்தத்தை அமுக்கிட்டேன்னு நினைச்சேன்."

"எதுக்கு மாமா அமுக்கணும்?"

"ஒன்பது தடவ ஏமாத்தினேனே?"

"ஆமா, ஒன்பது." கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். கிடங்குப் பழக்கம் அவளை விடவில்லை. கோழிக்கூண்டுக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தாள். தேதி, நேரம், எண், காரணம். பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் படித்தாள்.

"எண்பத்தி நாலு. காரணம்: மாமா, சாக்கு. தொண்ணூத்தி மூணு. காரணம்: மாமா, கெட்டில். எண்பத்தி ஒண்ணு. காரணம்: மாமா, அக்குள்னு நினைக்கிறேன்."

தச்சன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"எண்பத்தி அஞ்சு. காரணம்: மாமா, ஈரத்துண்டு. பிழியிற சத்தம் கேட்டது. எழுபத்தி ஒன்பது. காரணம்: மாமா. தெரியல, கேக்க வேணாம்."

"கேக்காம எப்படித் தெரியும் உனக்கு?"

"சத்தம் வந்தா வேலைய நிறுத்திட்டுப் பாத்துட்டே இருப்பேன். இறங்குற வரைக்கும். இறங்கிட்டா நீங்கதான். அப்புறம் எழுதிட்டு என் வேலையப் பாப்பேன். இன்னைக்கு இறங்கிச்சு, மறுபடி ஏறிச்சு. அப்புறம் இறங்கவே இல்ல. கால் மணி நேரம் பாத்தேன். மாமாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாதேன்னு போன் போட்டேன்."

ஒன்பது பொய். ஒன்பது தடவையும் ஒரு பெண் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு, இறங்குகிற வரைக்கும் நின்று பார்த்திருக்கிறாள். அவர் கடையில் உட்கார்ந்திருந்த நாற்பத்தாறு வருஷத்தில் யாருக்கும் அப்படி ஒரு தடவை பார்த்ததாக ஞாபகம் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினார். அவள் கொடுத்தாள்.

"இன்னைக்குக் காரணம் என்ன மாமா எழுதட்டும்?"

"மாமாவோட கொழுப்புன்னு எழுது."

அவள் ஏதோ எழுதினாள். சொன்னதைத்தான் எழுதினாளா, வேறு எதையாவதா என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. நோட்டு பைக்குள் போனதும், "நல்லா இரும்மா" என்றார், கோழிகளைப் பார்த்துக்கொண்டு. அவளுக்குக் கேட்டது.

மறுநாள் பழைய பட்டறைப் பெட்டியைத் திறந்தார். பூட்டைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்தும் திருகித் திறக்க ஒரு கைப்பிடி பொருத்தினார். செங்கல்லுக்குப் பழைய வேலையையே திருப்பிக் கொடுத்தார். தீவன டப்பாவுக்கு ஒரு கொக்கி போட்டார். அப்புறம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அரத்தை எடுத்து இரண்டு சாவி வெட்டினார். முன்னெல்லாம் அரை மணி நேர வேலை. இப்போது இரண்டு நாள் ஆயிற்று. விரலால் தடவித் தடவித்தான் பல்லை உணர முடிந்தது.

ஒன்றை மருமகளிடம் நீட்டினார்.

"எதுக்கு மாமா? கதவுதான் உள்ள இருந்தும் திறக்குதே?"

"வச்சுக்க. ரெண்டு பல்லு கொஞ்சம் கரடா இருக்கும். பழகப் பழகச் சரியாயிடும்."

அவள் அதைத் தன் வேலை அட்டையின் கயிற்றிலேயே கோர்த்துக்கொண்டாள்.

இன்னொன்றை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனார். தச்சன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான். சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதினெட்டு வருஷத்தில் இந்த மனிதரிடமிருந்து அவன் வாங்கியதெல்லாம் பேச்சுத்தான்.

"அண்ணே..." என்றான்.

"சரி சரி. இழுக்காத. நாங்க யாரும் இல்லாத நேரத்துல எதாவதுன்னா நீ திறக்கணும், அவ்வளவுதான்." திரும்பி நாலு அடி நடந்தார், நின்றார். "முட்டைய எண்ணி வச்சிருக்கேன், ஆமா."

"எத்தனை அண்ணே?"

பூட்டுக்காரர் யோசித்தார். கையில் மூடிவைத்திருந்த துண்டைப் பிரித்து, மதில்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆறு. "இது போக மிச்சத்தை எண்ணி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கோள்மூட்டியில் எண் என்ன காட்டுகிறது என்று பார்க்கப் போனார்.